புதுப்பிப்பு: ஓபிஎன்சென்ஸ் ரூட்டருக்கு நெட்வொர்க் கார்டு கிடைத்தது

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓபிஎன்சென்ஸ் (OPNsense, கம்ப்யூட்டரையே ரூட்டராக்கும் இலவச மென்பொருள்) போட்டு, திருப்பூர் வீட்டுக்கு ஃபயர்வால் ரூட்டராக்க எந்தக் கார்டு ஒத்துவரும் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

யுஎஸ்பி அடாப்டரை விட்டுவிட்டு இன்டெல் ஐ350 இரட்டைப் போர்ட் கார்டு வாங்கச் சொன்ன ஈரோட்டு அண்ணன் யோசனைதான் வேலை செய்தது. கோயம்புத்தூரில் பழைய கார்டாகவே கிடைத்தது. ஓபிஎன்சென்ஸுக்கு அடிப்படையான ஃப்ரீபிஎஸ்டி (FreeBSD) இயங்குதளத்திலேயே டிரைவர் இருப்பதால் தனியாக எதுவும் ஏற்றவில்லை. இரண்டு போர்ட்டையும் ஐஜிபி0, ஐஜிபி1 (igb0, igb1) என்று உடனே காட்டியது. பெரிய ஃபைல் இறக்கும்போது லைன் அறுந்துபோவதும் நின்றுவிட்டது.

எதிர்பாராதது ஒன்று. கார்டு மாறியதும் வெளி இன்டர்நெட் இணைப்புக்கு ஐபி முகவரியே வரவில்லை. கேபிள்காரர் பக்கம் பழைய அடாப்டரின் மேக் முகவரியோடு (MAC, ஒவ்வொரு நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள அடையாள எண்) இணைப்பைப் பூட்டி வைத்திருந்தார்கள். ஓபிஎன்சென்ஸில் வெளி இணைப்புக்கான வான் (WAN) அமைப்பில் அந்தப் பழைய முகவரியையே தட்டிவிட்டேன், சரியாகிவிட்டது. அப்புறம், கம்ப்யூட்டர் ஒல்லிக் கேபினெட் என்றால், கார்டைக் கேபினெட்டில் பொருத்தும் குட்டைத் தகடும் சேர்த்துக் கேட்டு வாங்குங்க. நெட்டைத் தகடு உள்ளே நுழையாது.