ஓஏபி (முதியோர் உதவித்தொகை) பணம் ரெண்டு மாசமா ஏறல, யாரைப் பாக்கணும்?

வைகைக்கரை: அவசரம். அம்மாவுக்கு முதியோர் பணம் ரெண்டு மாசமா வரல. பேங்க்ல தாலுகா ஆபீஸ்ல கேளுங்கறாங்க, அங்க போனா பேங்க்ல கேளுங்கறாங்க. என்ன பண்றது?

கணக்குப்பிள்ளை: வயசு என்ன? பணம் கணக்குல ஏறுதா, இல்ல ஊருக்கு வர்ற முகவர்கிட்ட விரல் வச்சு வாங்குறாங்களா? பாஸ்புக்ல கடைசி வரி எந்தத் தேதி?

தென்னந்தோப்பு: விரல் ரேகை தேஞ்சிருக்கும். கையைக் கழுவித் துடைச்சுட்டு மத்த விரல்களையும் வச்சுப் பாருங்க. எதுவும் பதியலன்னா ஆதார் மையத்துல கைரேகையைப் புதுப்பிக்கணும்.

கணக்குப்பிள்ளை: விரல் பதியாட்டி பணம் கணக்குலயே கிடக்கும், எடுக்கத்தான் முடியாது. இவங்க ஏறவே இல்லங்கறாங்க. கேள்வியைப் படிச்சுட்டுப் பதில் எழுதுங்க.

தாலுகாவாசி: முதல்ல ஒண்ணு தெரியணும்: நின்னுபோச்சா, இல்ல வேற எங்கயோ போகுதா? சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் அலுவலகம் தனி, பொது வட்டாட்சியர் வேற. அங்க உதவித்தொகை உத்தரவு நகல், ஆதார், ரேஷன் கார்டு கொடுத்து ‘நிறுத்தம்னு இருக்கா, அனுப்புனதா இருக்கா’ன்னு கேளுங்க. நிறுத்தம்னா காரணத்தை எழுத்துல வாங்குங்க. அனுப்பியிருந்தா எந்த பேங்க்குன்னு கேளுங்க.

வைகைக்கரை: வயசு 67. கணக்குல ஏறும். கடைசி வரி ரெண்டு மாசம் முந்தி 1200.

தாலுகாவாசி: நடுவுல புதுசா ஏதாவது கணக்கு ஆரம்பிச்சாங்களா? நூறு நாள் வேலைக்கு?

வைகைக்கரை: ஆமா, கேம்ப்ல விரல் வச்சு வேற பேங்க்ல ஒண்ணு. அது சம்பளத்துக்குத்தானே?

தாலுகாவாசி: அதைத்தான் முதல்லயே சொல்லியிருக்கணும்! ஆதார் வழியா வர்ற அரசுப் பணம் எல்லாம் கடைசியா எந்தக் கணக்கு சீடிங் (அரசுப் பணம் வாங்கற கணக்கா ஆதாரோட பதிவு) ஆகியிருக்கோ அதுக்குத்தான் போகும். பழைய பாஸ்புக்ல ஆதார் நம்பர் ஏத்தியிருக்குன்னு நம்பாதீங்க, அது வெறும் இணைப்பு. மைஆதார் தளத்துல ஓடிபி போட்டு ‘பேங்க் சீடிங் நிலை’ பாருங்க, பேங்க் பேர் வரும்.

நிழல்மரம்: அம்மாவுக்கு ஊனம் இருந்தா மாற்றுத்திறனாளி உதவிக்கு மாத்திடுங்க, 2000 கிடைக்கும்.

கணக்குப்பிள்ளை: குழப்பாதீங்க. 2000 மாற்றுத்திறனாளிகள் நலத்துறையோட பராமரிப்பு உதவித்தொகை, கடும் பாதிப்பு இருக்கணும். வருவாய்த்துறை மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1500. ரெண்டும் வேற, சேத்து வாங்க முடியாது.

நிழல்மரம்: எங்க பக்கம் 40 சதவீதத்துக்கே 2000 கொடுக்கறாங்க.

கணக்குப்பிள்ளை: அது அறிவுசார் குறைபாட்டுக்கு. கை கால் ஊனத்துக்கு 75 சதவீதம்.

நிழல்மரம்: சரி. ஆனா முதியோர் பணத்துல மத்திய அரசு பங்கு 80 வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு இன்னும் 200 ரூபாய்லயே நிக்குதே, அதைக் கேக்க ஆளில்ல. பாக்கி முழுக்க மாநிலம் போட்டுத்தான் 2023 ஆகஸ்டுல 1200 ஆச்சு.

தென்னந்தோப்பு: அதுக்கு வேற இழை போடுங்க. தாலுகாவுல பதில் இல்லாட்டி திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க. முதல்வர் உதவி எண் 1100க்கும் கூப்பிடலாம்.

வைகைக்கரை: புதுக் கணக்குல 2400 இருக்கு. நன்றி எல்லாருக்கும்.

தாலுகாவாசி: சீடிங் மாத்தினீங்களா? பழைய பேங்க்ல ஆதார் ஒப்புதல் படிவம் கொடுத்தா மாறும், மாத்தலன்னா அடுத்த மாசமும் அங்கதான் போகும். மாத்தினா நூறு நாள் சம்பளமும் பழைய கணக்குக்கே வந்துடும். அம்மாவுக்கு எந்தக் கிளை பக்கம்னு பாத்து ஒண்ணை முடிவு பண்ணுங்க.