வளையலை விற்று லூயி விட்டான் பை வாங்கலாமா? பெரியவங்க, விவரம் தெரிஞ்சவங்க வாங்க

பீளமேட்டுக்காரி
என் சித்தி மகள், 26 வயது, கோயம்புத்தூரில் ஐடி வேலை. இன்ஸ்டாவில் வாரத்துக்கு ஒரு பையைத் தூக்கிக்கொண்டு ரீல்ஸ் போடும் ஒரு பெண்ணின் பரம ரசிகை. அந்தப் பெண் கைகாட்டிய ஒரு மறுவிற்பனைப் பக்கத்தில் பழைய லூயி விட்டான் நெவர்ஃபுல் பை 1,35,000 ரூபாய்க்கு இருக்கிறதாம், அவள் கொடுக்கும் கூப்பன் கோடு போட்டால் 5 சதவீதம் தள்ளுபடியாம். "இது செலவு இல்லக்கா, முதலீடு, ரெண்டு வருஷம் மாட்டிட்டுத் திரிஞ்சுட்டு அதே விலைக்குக் கொடுத்துடலாம்" என்கிறாள். பணத்துக்கு அம்மிச்சி போட்ட வளையலில் ஒன்றை விற்கப் போகிறாள். சித்தி போனில் ஒரே அழுகை. எனக்குப் பை விஷயத்தில் ஒன்றும் தெரியாது, நூறடி ரோட்டில் வாங்கியதோடு சரி. என்ன சொல்லித் தடுப்பது, இல்லை தடுக்கவே வேண்டாமா?

பனியன்_மாமா
திருப்பூரில் இருந்து எழுதுகிறேன். "முதலீடு", "அப்புறம் நல்ல விலைக்கு எடுத்துக்குவாங்க", "பிரபலமே சொல்றாங்க". இந்த மூன்றும் ஒரே வாயில் வந்தால் கொங்கு நாட்டுக்காரனுக்கு ஒரு பறவை ஞாபகம் வரணும். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தவர்களைக் கேளுங்க. டிவியில் சினிமாக்காரர்கள் வந்து சொன்னார்கள், மாதாமாதம் பராமரிப்புப் பணம், வருஷக் கடைசியில் போனஸ், கோழியை நாங்களே திரும்ப எடுத்துக்குவோம் என்றார்கள். 2012-ல் எல்லாம் படுத்தது. கோழி மட்டும் தீனி கேட்டுக்கொண்டு தோட்டத்தில் நின்றது.

இன்னொன்று. நெவர்ஃபுல் தோல் பை என்று அந்தப் பாப்பா நினைத்துக்கொண்டிருந்தால் சொல்லிவிடுங்க, அதன் உடம்பு பருத்திக் கேன்வாஸ் மேல் பூச்சுப் பூசியது, தோல் என்பது கைப்பிடியிலும் ஓரத்திலும்தான். துணிக்கு ஒன்றரை லட்சம். அதுவும் துணி ஊர்க்காரியிடமே.

ரேஸ்கோர்ஸ்_ரம்யா
மாமா, ஈமுவை இதில் இழுப்பது நியாயமில்லைங்க. ஈமு ஏன் விழுந்தது? அந்தக் கம்பெனியை விட்டால் அதை வாங்க வேறு ஆளே இல்லை. புதிதாகச் சேருகிறவன் பணத்தில் பழையவனுக்குக் கொடுத்தார்கள். பைக்கு உலகம் முழுக்க வாங்குகிற ஆள் இருக்கிறது. பழைய பிராண்டுப் பொருள் விற்கும் கம்பெனிகளே இருக்கின்றன, பாரிஸில் வெஸ்டியேர் கலெக்டிவ் 2009-ல் தொடங்கியது, அமெரிக்காவில் தி ரியல்ரியல் 2011-ல் தொடங்கி 2019-ல் பங்குச் சந்தைக்கே போய்விட்டது. யாரோ நாலு பேர் இன்ஸ்டாவில் நடத்தும் விளையாட்டு இல்லை இது.

ஷனேலின் மீடியம் கிளாசிக் ஃபிளாப் 2019-ல் அமெரிக்காவில் சுமார் 5,800 டாலர், 2024-ல் 10,800 டாலர். கம்பெனியே விலையை ஏற்றிக்கொண்டு போகும்போது பழையது வைத்திருந்தவளுக்கு நஷ்டமா? எர்மேஸ் பிர்கின் பையைக் கடையில் போய்க் காசைக் கொடுத்தாலும் தர மாட்டார்கள். நடிகை ஜேன் பிர்கினுக்காக 1984-ல் செய்த முதல் பை, 2025 ஜூலையில் பாரிஸ் சோத்பீஸ் ஏலத்தில் 86 லட்சம் யூரோவுக்குப் போனது. துணி, தோல் என்று கிலோ கணக்குப் போட்டால் எதற்குமே விலை இல்லை. நகை வாங்கும்போது செய்கூலி, சேதாரம் என்று கொடுக்கிறோமே, விற்கும்போது அது திரும்பி வருகிறதா? பீரோவில் பூட்டி வைக்கிற வளையலைவிட, தினமும் தோளில் மாட்டுகிற பை எந்த விதத்தில் மட்டம் என்று எனக்குப் புரியவில்லை.

பனியன்_மாமா
எம்.ஜி.ஆர். தலையில் வைத்திருந்த தொப்பி ஏலத்துக்கு வந்தால் கோடிக்குப் போகும். அதைக் காட்டி டவுன்ஹாலில் தொப்பி விற்க முடியுமா அம்மிணி? ஜேன் பிர்கின் கையில் இருந்த பை அது. நாம் பேசுவது நெவர்ஃபுல். 2007-ல் வந்தது, இன்றைக்கும் தைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

தங்கத்தில் செய்கூலி போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ராத்திரி ஆஸ்பத்திரிச் செலவு என்றால் காலையில் எந்த பேங்கிலும் வளையலை வைத்துப் பணம் வாங்கலாம். பையை எந்த பேங்க் மேனேஜர் வாங்கி வைப்பார்?

கண்ணபுரம்_காளை
சித்த இருங்க, சந்தை என்றதும் எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் மாடு பிடிக்கிறவன் பல்லைப் பார்ப்பான், சுழி பார்ப்பான், நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பான், அதுக்கப்புறம்தான் துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடிப்பான். இங்கே என்னடா என்றால், போட்டோவைப் பார்த்து ஒன்றரை லட்சத்துக்கு ஜிபே போடுகிறார்கள். அந்த ரீல்ஸ் பெண் தரகா, மாட்டுக்காரியா? அதை முதலில் கேளுங்க. தரகு வாங்கினால் தரகு என்று சொல்லிவிட்டுப் பேசுவதுதான் எங்க சந்தையில் வழக்கம்.

ஆடிட்டர்_ஆர்எஸ்புரம்
மேலே கேட்டது சட்டப்படியும் சரியான கேள்வி. விளம்பரத் தரக் கவுன்சில் 2021-லேயே இன்ஃபுளூயன்சர்களுக்கு விதி போட்டது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் துறையும் வழிகாட்டுதல் வெளியிட்டது. பணமோ, இலவசப் பொருளோ, கமிஷனோ எது வந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவறான விளம்பரம் என்று நிரூபணமானால் முதல் தடவை 10 லட்சம் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம்.

அப்புறம், "நான் வாங்கிய பை" என்று காட்டுவதெல்லாம் வாங்கியதாக இருக்காது. வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இலவசப் பொருள் கொடுத்தால், 2022 ஜூலை முதல் தேதியில் இருந்து 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வரிப் பிடித்தம், கட்டியாகணும். பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கிடையாது. அதனால் பல பைகள் வீடியோ எடுத்த கையோடு வந்த வழியே போய்விடும். 10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள கைப்பைக்கு 2025 ஏப்ரல் 22 முதல் விற்கிறவர் வாங்குகிறவரிடம் வசூலிக்கும் 1 சதவீத வரி, டிசிஎஸ்-ஸும் உண்டு, உங்கள் தங்கைக்கு அந்தக் கவலை இல்லை. அவள் கேட்க வேண்டியது ஒன்றுதான், பில் தருவார்களா? விற்கிறவர் பெயர், முகவரி, ஜிஎஸ்டி எண்ணோடு.

கரூர்_கனகா
பில் கேட்காமல் வாங்கிய முட்டாள் இதோ இருக்கிறேன். போன வருஷம் ஒரு பக்கத்தில் 62,000 கொடுத்து ஒரு லூயி விட்டான் ஸ்பீடி எடுத்தேன். பெயர் சொல்லவில்லை, சொல்லியும் பிரயோஜனம் இல்லை, பக்கமே இப்போது இல்லை. டப்பா, டஸ்ட் பேக், ரிப்பன் எல்லாம் அச்சு அசல். "2022-ல் வாங்கியது, ரெண்டே தடவை மாட்டியது" என்று சொன்னார்கள். ஆறு மாதம் கழித்து பெங்களூரில் என் தோழி பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். உள்ளே தோல் பட்டையில் ரெண்டு எழுத்து, நாலு எண் அச்சடித்திருந்தது. அந்த எண்ணில் ஒன்றாவதும் மூன்றாவதும் வாரம், இரண்டாவதும் நான்காவதும் வருஷம். அதன்படி பை 2022-ல் தைத்தது. ஆனால் கம்பெனி 2021 மார்ச்சிலேயே அந்த எண்ணை நிறுத்திவிட்டு உள்ளே சிப் வைக்க ஆரம்பித்துவிட்டதாம். அதாவது போலி செய்தவன் அசலைவிட ஒழுங்காக வருஷம் போட்டிருக்கிறான்!

வீட்டுக்காரரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ரேஸ்கோர்ஸ்_ரம்யா
கனகா, மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. போலி விற்றால் வர்த்தகச் சின்னச் சட்டம் 104-ஆம் பிரிவில் ஆறு மாதத்தில் இருந்து மூன்று வருஷம் வரை ஜெயில். பேமென்ட் விவரம் இருந்தால் புகார் கொடுங்க, வெட்கப்படாதீங்க.

தரகைப் பற்றிக் கேட்டார்கள். சரி, நானே சொல்லிவிடுகிறேன். நானும் பகுதி நேரமாக இதைத்தான் செய்கிறேன். தெரிந்தவர்களின் பையை வாங்கி வைத்து விற்றுக் கொடுப்பேன், 15 சதவீதம் கமிஷன். முதலிலேயே சொல்லியிருக்கணும், தப்புதான். ஆனால் நான் சொன்ன விலையில் எது பொய் என்று காட்டுங்க.

பனியன்_மாமா
பொய் இல்லை. பிர்கின் கணக்கைக் காட்டி நெவர்ஃபுல் விற்கிறீங்க, அவ்வளவுதான். பல்லு நல்ல பல்லுதான், மாடு வேற.

15 சதவீதம் என்று கேட்டதும் இன்னொரு கணக்கு ஓடுகிறது. விற்கும்போது 15 போச்சு. அதே விலைக்கு விற்கணும் என்றாலே பை விலை 15 சதவீதத்துக்கு மேல் ஏறியிருக்கணும், அதுவும் ரெண்டு வருஷம் நம் ஊர் வேர்வையும் மழையும் பட்டு. அந்தக் கைப்பிடித் தோல் மேலே பூச்சு எதுவும் போடாத தோல், தண்ணீர் பட்டால் கறை, கை பட்டுக் கறுக்கும்.

சென்னிமலைத்_தறி
எல்லோரும் விற்கிற விலையையே பேசுகிறீங்க, செய்கிற கூலியை யாரும் பேசக் காணோம். 2024 ஜூனில் மிலான் கோர்ட்டில் வந்த விவரம் இது. டியோர் 2,600 யூரோவுக்கு விற்ற பைக்கு, தைத்துக் கொடுத்த பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. தோல் செலவு தனி. ஆட்கள் பட்டறையிலேயே படுத்துத் தூங்கி வேலை செய்திருக்கிறார்கள். "இத்தாலியில் செய்தது" என்ற முத்திரை மட்டும் பளபள என்று இருக்கும். 53 யூரோ எங்கே, 2,600 எங்கே? நடுவில் இருக்கிறது எல்லாம் கடை வாடகையும், நடிகையும், இப்போது ரீல்ஸும்தான். இதில் மிஞ்சியதையும் கொளுத்திவிடுவார்கள். பர்பெரி 2017-ல் மட்டும் 2 கோடியே 86 லட்சம் பவுண்டு சரக்கை அழித்தது, விலையைக் குறைத்து விற்றால் பேர் கெட்டுவிடுமாம். அடுத்த வருஷம் ஊரே கேட்ட பிறகுதான் நிறுத்தினார்கள்.

பவானி ஜமக்காளத்திலும் கைப்பை செய்கிறார்கள், பார்த்திருக்கீங்களா? புவிசார் குறியீடு வாங்கி வருஷம் இருபது ஆச்சு. பத்து வருஷம் தோளில் போட்டாலும் கிழியாது. எந்த ரீல்ஸ்காரியும் தூக்கமாட்டாள். கோலாப்பூர் செருப்பை 2025-ல் பிராடா மிலான் மேடையில் ஏற்றிய பிறகுதான் நம் ஆட்களுக்கே அது செருப்பாகத் தெரிந்தது.

ரேஸ்கோர்ஸ்_ரம்யா
தறிக்காரர் சொன்ன 53 யூரோவுக்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையாகவே இல்லை.

ஆனால் ஒன்று யோசியுங்க. பழைய பையை வாங்குகிறவள் அந்தக் கம்பெனிக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. கம்பெனிகளுக்கு மறுவிற்பனைக்காரர்களைக் கண்டாலே ஆகாது, ஷனேல் 2018-ல் தி ரியல்ரியல் மேலேயே வழக்குப் போட்டது. ஜமக்காளப் பையை நான் சந்தோஷமாக வாங்குவேன். ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு கிளையன்ட் மீட்டிங் போனால் "ஊரில் இருந்து இப்பத்தான் வர்றீங்களா" என்று கேட்கிறார்கள். இந்தப் பையோடு போனால் கேட்பதில்லை. 26 வயதுப் பெண்ணுக்கு அதற்கும் ஒரு விலை இருக்கிறது, நமக்குப் பிடிக்கிறதோ இல்லையோ. ஆண்கள் புல்லட்டும் காரும் வாங்கும்போது யாரும் வந்து ஈமு கதை சொல்வதில்லையே?

பனியன்_மாமா
அது நியாயமான கேள்வி. என் பையன் போன மாதம் எடுத்த பைக்கைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். அதை அவன் முதலீடு என்று சொல்லவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல்.

அவிநாசி_அத்தை
எர்மேஸ் கடையில் பை வேணும்னா முதல்ல ஸ்கார்ஃப், செருப்பு, பீங்கான் தட்டு எல்லாம் வாங்கித் தீர்க்கணும்னு அமெரிக்காவில் கேஸ் போட்டார்களே, 2024-ல், படித்தீர்களா? ரேஷனில் சர்க்கரை வேணும்னா சோப்பும் வாங்குங்கன்னு சொல்ற மாதிரி. 2025-ல் கேஸ் தள்ளுபடி ஆகிவிட்டது. கோடீஸ்வரங்களுக்கும் நம்ம கதைதான் என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

கண்ணபுரம்_காளை
பீளமேட்டம்மா, ஒரே ஒரு கேள்வி அந்தப் பக்கத்தில் கேட்கச் சொல்லுங்க. "இதே பையை இன்றைக்கே உங்களிடம் திருப்பிக் கொடுத்தால் எவ்வளவுக்கு எடுப்பீங்க?" சந்தையில் மாட்டின் உண்மை விலை அப்படித்தான் தெரியும். விற்கிறபோது சொல்கிற விலை வேறு, பிடிக்கிறபோது சொல்கிற விலை வேறு.

பீளமேட்டுக்காரி
ரெண்டு நாள் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் நன்றி. பில்லுக்கு "ப்ரீ-லவ்டு பொருளுக்கு பில் கிடையாது டியர்" என்று பதில் வந்தது, பழைய பொருளுக்கு அப்படி ஒரு பேராம். காளை அண்ணன் கேள்வியைக் கேட்கச் சொன்னேன். முதலில் பதிலே இல்லை, மறுபடி கேட்டதும் 55 சதவீதம் என்றார்கள், அதுவும் பணமாக இல்லை, அவர்களிடமே வேறு பை எடுத்துக்கொள்ள கிரெடிட் நோட்டு.

இதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அப்ப இது செலவுதான்க்கா. செலவுக்கு எதுக்கு அம்மிச்சி வளையல், போனஸ் வரட்டும், பில் தர்றவங்ககிட்ட வாங்கிக்கிறேன்" என்றாள். பை ஆசை போகவில்லை. சித்திக்கு வளையல் தப்பித்ததே போதும்.

ஆடிட்டர்_ஆர்எஸ்புரம்
55 சதவீதம், கிரெடிட் நோட்டு! ரம்யா மேடம், உங்கள் பக்கத்தில் எவ்வளவு?

ரேஸ்கோர்ஸ்_ரம்யா
நான் திருப்பி எடுப்பதே இல்லைங்க. விற்றுக் கொடுப்பதோடு சரி.

பனியன்_மாமா
இது நேர்மை.

கரூர்_கனகா
அதே 2022 பை இங்கே ஒன்று சும்மா கிடக்கிறது. காய்கறி வாங்கப் போகும்போது எடுத்துப் போகிறேன், முருங்கைக்காய் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்க, ஜமக்காளப் பைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

சென்னிமலைத்_தறி
எந்தக் கலர் வேணும்ங்க? சிவப்பு, பச்சைக் கோடு போட்டது ரெண்டு இருக்குது. போலிப் பை எனக்கு வேண்டாம், முருங்கைக்காய் இருந்தால் கொடுங்க.