லண்டன் மிருகக்காட்சிசாலை: 36 ஏக்கரில் எதைக் காப்பாற்ற முடியும்?

கரிச்சான்:
ரீஜண்ட்ஸ் பார்க்கில் 1828-இல் திறந்த இடம், இன்றும் மொத்தமே 36 ஏக்கர்தான். யானைகளை 2001-இல் இதே அமைப்பின் இன்னொரு பெரிய மிருகக்காட்சிசாலையான விப்ஸ்னேடுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த நெருக்கடியில் உயிரினப் பாதுகாப்பு என்பது டிக்கெட் விற்கும் பேச்சா, அல்லது இங்கிருந்து காட்டுக்குத் திரும்பிய உயிர் ஏதும் உண்டா? உண்டென்றால் எப்படி வளர்க்கிறார்கள்?

ஈரமண்:
உண்டு. பார்ட்டுலா நத்தை. கட்டைவிரல் நகம் அளவுதான், ஆள் வந்து நின்று பார்க்கும் பிராணி இல்லை.

ஊர் பசிபிக் கடலில் உள்ள பிரெஞ்சு பாலினேசியா தீவுகள். 1967-இல் டஹிட்டிக்கு ஆப்பிரிக்க ராட்சத நத்தை வந்து பயிரைத் தின்றது (மழைக்காலத்தில் நம் ஊர் மதில்களில் ஏறுகிறதே, அதேதான்). அதை ஒழிக்க 1974-இல் ஃபுளோரிடாவின் ரோஸி ஓநாய் நத்தையை விட்டார்கள். பக்கத்து மூரியா தீவில் 1977-இல். அது சளித்தடத்தை மோப்பம் பிடித்துப் போய் இரையைப் பிடிக்கும். ராட்சத நத்தையை விட்டுவிட்டு, விழுங்கத் தோதான பார்ட்டுலாவைப் பிடித்துக்கொண்டது. பத்தே ஆண்டுகளில் மூரியாவின் ஏழு இனங்களும் காட்டில் அழிந்துவிட்டதாகவே கருதப்பட்டது. அதற்குள் பிடித்துவந்தவற்றின் வாரிசுகள்தான் லண்டன், எடின்பரோ உள்ளிட்ட பல இடங்களில் பெருகின.

வளர்ப்பது மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளில். அடியில் ஈரமான டிஷ்யூ காகிதம். ஓட்ஸ் மாவு, காய்ந்த இலைப் பொடி, கடல்நுரைப் பொடி (கிளிக்கூண்டில் வைப்போமே, அதுதான்) மூன்றையும் தண்ணீரில் குழைத்துத் தடவிவிடுவார்கள். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு மெலிந்துவிடும். ஈரம் கூடினால் பூஞ்சை, குறைந்தால் நத்தை சுவரில் ஒட்டி அசையாமல் கிடக்கும், இனப்பெருக்கமும் நிற்கும்.

இது முட்டையிடாது, குட்டி போடும், அதுவும் ஒரு தடவைக்கு ஒன்றுதான். பிறந்த குட்டி சில மில்லிமீட்டர்தான் இருக்கும். காகிதம் மாற்றும்போது மடிப்பைப் பிரித்துப் பார்க்காவிட்டால் குட்டியும் குப்பையோடு போய்விடும்.

பனங்காடை:
ஈரமண் சொன்னதில் ஒரு பாதி விட்டுப்போச்சு. பார்ட்டுலா டர்ஜிடா என்ற இனத்தின் கடைசி நத்தை 1996-இல் இதே லண்டனில்தான் செத்தது. நுண்ணிய ஒட்டுண்ணி தாக்கியதே காரணம். அந்த இனமே முடிந்தது. எஞ்சியவை ஒரே கூரையின் கீழ் இருந்தால் ஒரு நோய் போதும். அதனால்தான் ஒவ்வொரு இனத்தையும் பல ஊர்களில் பிரித்து வைக்கிறார்கள். இறந்ததைத் தூக்கி எறியாமல் பரிசோதனைக்கு அனுப்புவதும் இதற்காகத்தான்.

வளர்த்த நத்தைகளைத் திருப்பி விடத் தீவில் முதலில் கட்டிய வேலிகளும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. உப்புத் தொட்டி, மின்கம்பி எல்லாம் இருந்தது. ஒரு கிளை முறிந்து வேலிமேல் விழுந்தால் ஓநாய் நத்தைக்கு அதுவே பாலம். மழையில் உப்பு கரைந்தாலும் அதே கதை. தினம் பார்க்க ஆள் வேண்டும்.

கரிச்சான்:
எதிரி இன்னும் அங்கேயே இருக்கும்போது விட்டால், அதற்குத் தீனி போடுவது மாதிரி ஆகாதா?

ஈரமண்:
ஓரளவு ஆகும், மறுக்கவில்லை. ஓநாய் நத்தையை மட்டும் கொல்லும் மருந்து கிடையாது, விஷம் வைத்தால் உள்ளூர் நத்தையும் சாகும். ஆனால் இரை தீர்ந்தபின் அதன் எண்ணிக்கையும் பல இடங்களில் சரிந்துவிட்டது. அந்த நம்பிக்கையில்தான் 2015 முதல் வேலியில்லாமல் காட்டு மரங்களிலேயே விடுகிறார்கள். விடுமுன் தனிமைப்படுத்தி நோய் பார்ப்பார்கள். ஓட்டில் புறஊதா ஒளியில் மின்னும் பெயிண்ட் புள்ளி வைப்பார்கள். இவை இரவில் நடமாடுபவை, புறஊதா டார்ச் அடித்தால் இலைக்கடியில் புள்ளி தெரியும்.

புள்ளி இல்லாத பெரிய நத்தை கிடைத்தால், அது காட்டிலேயே பிறந்து வளர்ந்தது என்று அர்த்தம். 2024-இல் மூரியாவில் பார்ட்டுலா டோஹிவியானா அப்படிக் கிடைத்தது.

பனங்காடை:
அது ஒரு இனம். நியூகினியா தட்டைப்புழு இப்போது அந்தத் தீவுகளில் இருக்கிறது, அதுவும் நத்தை தின்னிதான். பெட்டிகளை இப்போதைக்குக் காலி செய்ய முடியாது.