யோன்செய் பல்கலைக்கழகமும் அதன் மருத்துவக் கல்லூரியும்: நேரில் கண்டவை, கேட்டவை

சின்சோன்வாசி எழுதியது:

சியோலில் ஆறு ஆண்டுகளாக ஆய்வுப் பணியில் இருக்கிறேன். யோன்செய் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களும், அதன் செவரன்ஸ் மருத்துவமனைக்குச் சென்று வந்தவர்களும், அவற்றின் பழைய இடங்களைத் தேடிப் பார்த்தவர்களும் தங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டுகிறேன். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர் இருக்கிறார். எண்பதைக் கடந்தவர், செவரன்ஸில் படித்தவர். கொரியர்கள் மருத்துவரை அழைக்கும்போது ஆசிரியரைக் குறிக்கும் 'சொன்செங்னிம்' என்ற சொல்லையே சேர்த்துக்கொள்வார்கள். இவருக்கு அது இரண்டு பொருளிலும் பொருந்தும். தம் கல்லூரி பிறந்த இடத்தைக் காட்டுவதாகச் சொல்லி என்னை அழைத்துச் சென்றார். பல்கலைக்கழகம் இப்போது இருக்கும் சின்சோன் வளாகத்துக்குப் போகிறோம் என்று நான் நினைத்திருந்தேன். அவரோ ஜேதோங்கில் உள்ள அரசமைப்பு நீதிமன்றத்தின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்.

அடையாள அட்டையைக் காட்டி உள்ளே சென்றோம். அங்கே சுமார் 600 வயதான வெண்பட்டைப் பைன் மரம் ஒன்று இருக்கிறது. அடியிலேயே இரண்டு கிளைகளாகப் பிரிந்து, சுண்ணாம்பு பூசியது போன்ற பட்டையோடு, முட்டுக்கால்களின் துணையில் நிற்கிறது. "அந்த வீட்டில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான்" என்றார் அவர்.

அந்த வீடு ஹோங் யோங் சிக் என்ற பிரபுவுடையது. 1884 டிசம்பர் 4 இரவு, புதிதாக ஏற்பட்ட அஞ்சல் துறையின் தொடக்க விருந்தை, அதன் தலைவர் என்ற முறையில் அவர் நடத்தினார். சீர்திருத்தக்காரர்கள் திட்டமிட்ட ஆட்சிக் கவிழ்ப்பு அந்த விருந்திலேயே வெடித்தது. திட்டமிட்டவர்களில் ஹோங்கும் ஒருவர். அரசியின் உறவினரான மின் யோங் இக் வாள் வெட்டுப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்தார். கொரியாவுக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகாத 26 வயது அமெரிக்கச் சமயப் பணி மருத்துவர் ஹொரஸ் ஆலன் வரவழைக்கப்பட்டார். மதப் பரப்புரைக்கு அப்போது தடை இருந்ததால், அவர் அமெரிக்கத் தூதரகத்தின் மருத்துவர் என்ற பெயரில்தான் தங்கியிருந்தார். காயங்களைத் தைத்து, ஏறத்தாழ மூன்று மாதம் உடனிருந்து பார்த்து, மின்னைப் பிழைக்க வைத்தார். கவிழ்ப்பு மூன்றே நாளில் அடங்கியது, ஹோங் கொல்லப்பட்டார், அவர் வீடு அரசுடைமையானது. மருத்துவமனை ஒன்று வேண்டும் என்று ஆலன் கேட்டபோது, மன்னர் கோஜோங் அந்த வீட்டையே கொடுத்தார். ஆக, விருந்தில் வெட்டுண்டவரைக் காப்பாற்றியவருக்கு விருந்து வைத்தவரின் வீடே மருத்துவமனையாகக் கிடைத்தது. பெரியவர் இதை மரத்தைப் பார்த்தபடியே சொன்னார். எனக்குத்தான் உடம்பு சிலிர்த்தது.

1885 ஏப்ரல் 10 அன்று குவாங்ஹியேவொன் என்ற பெயரில் திறக்கப்பட்ட அம்மருத்துவமனை, சுமார் இரண்டு வாரத்தில் ஜேஜுங்வொன் ஆயிற்று. மக்களைக் காக்கும் இல்லம் என்பது போன்ற பொருள். முதல் ஆண்டிலேயே பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருக்கிறார்கள். 1886 மார்ச்சில் 16 மாணவர்களோடு மருத்துவப் பள்ளியும் தொடங்கியது. ஆனால் அவர்களில் ஒருவரும் படிப்பை முடித்து மருத்துவராகவில்லை. அதற்கு மேலும் இருபத்திரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஹான் நதிக்கரை எழுதியது:

வணக்கம் ஐயா. நான் வரலாறு படித்தவள் அல்ல. என் கணவரின் அறுவை சிகிச்சைக்காகச் சின்சோன் செவரன்ஸில் பன்னிரண்டு நாள் இருந்தேன். தெரிந்துகொண்டதெல்லாம் அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டியம்மாவிடமிருந்துதான். என் கொரிய மொழி அரைகுறை என்பதால் அவர் ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னார். அவருடைய சிறுவயதில் 'செவரன்ஸ்' என்றால் சியோல் ரயில் நிலையத்துக்கு எதிரில் இருந்த மருத்துவமனைதானாம். 1962-இல்தான் சின்சோனுக்கு வந்தது. ஊர் திரும்பும் முன் நான் அந்த இடத்தையும் போய்ப் பார்த்தேன். உயரமான அலுவலகக் கட்டடம் ஒன்று நிற்கிறது; பெயர் மட்டும் செவரன்ஸ்.

அது ஒரு கொடையாளரின் குடும்பப் பெயர் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1893-இல் வந்து ஜேஜுங்வொன்னின் பொறுப்பை ஏற்ற கனடா நாட்டு மருத்துவர் ஆலிவர் ஏவிசன், 1900-இல் நியூயார்க்கில் நடந்த சமயப் பணி மாநாட்டில் நல்ல மருத்துவமனை ஒன்றின் தேவையைப் பற்றிப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் செல்வம் சேர்த்த லூயிஸ் செவரன்ஸ் ஒருவர். 10,000 டாலர் கொடுத்தார். நகரின் தெற்கு வாயிலுக்கு வெளியே எழுந்த புதிய கட்டடம் 1904-இல் திறக்கப்பட்டது.

பாட்டியம்மா மிகுந்த மரியாதையோடு குறிப்பிட்ட இன்னொருவர் ஃபிராங்க் ஸ்கோஃபீல்ட். 1916-இல் நுண்ணுயிரியல் கற்பிக்க வந்தவர். இளம்பிள்ளைவாதத்தால் நடை தடுமாறும், ஆனால் மிதிவண்டி ஓட்டுவார். 1919 மார்ச் 1 விடுதலை ஊர்வலங்களைப் படம் பிடித்தார். அடுத்த மாதம் ஜப்பானியப் படையினர் ஜேயாம்ரி சிற்றூரின் மக்களைத் தேவாலயத்தில் அடைத்துக் கொன்றபோது, அங்கே சென்று எரிந்த வீடுகளைப் படமெடுத்து உலகுக்குத் தெரிவித்தார். இப்போது சியோல் தேசியக் கல்லறையில் இருக்கிறார்.

யோன்ஹி பல்கலைக்கழகமும் செவரன்ஸும் 1957-இல் இணைந்து யோன்செய் ஆயின. முன்னதன் 'யோன்', பின்னதன் 'செ' என்று பெயரிலும் ஆளுக்கோர் எழுத்து.

பழைய மாணவன் எழுதியது:

சின்சோன்வாசித் தம்பி, ஜேஜுங்வொன்னின் வாரிசு யார் என்பதில் உங்கள் பெரியவர் ஒரு தரப்பை மட்டுமே சொல்லியிருக்கிறார். நான் படித்தது தேஹாங்னோவில், சியோல் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையை ஒட்டி. மணிக்கூண்டு வைத்த பழைய தேஹான் அரசு மருத்துவமனைக் கட்டடம் அங்கே இருக்கிறது. 2007-இல் அதன் நூற்றாண்டைக் கொண்டாடியபோது, ஜேஜுங்வொன்னின் 122-ஆம் ஆண்டையும் சேர்த்தே கொண்டாடினார்கள். அவர்களுடைய வாதம் எளிமையானது: ஜேஜுங்வொன் அரசனின் மருத்துவமனை, ஆகவே அரசு மருத்துவமனையே அதன் வாரிசு, 1905-இல் அரசு பணம் கொடுத்து இடத்தையும் கட்டடங்களையும் திரும்பப் பெற்றுக்கொண்டது. யோன்செய்க்காரர்களோ 1894-இல் நிர்வாகம் முழுவதும் சமயப் பணியாளர்களிடம் ஒப்படைக்கப்பட்டதையும், மருத்துவர்களும் மாணவர்களும் நோயாளிகளும் செவரன்ஸுக்கு வந்ததையும் காட்டுவார்கள். என் நண்பர்கள் இருவர் சோஜு மதுக் கோப்பைகளை வைத்துக்கொண்டு இதைப் பற்றி விடியும்வரை வாதிட்டதைப் பார்த்திருக்கிறேன். இருவரும் எலும்பு மருத்துவர்கள். வரலாற்றோடு அவர்களுக்கு வேறு தொடர்பு கிடையாது.

சின்சோன்வாசி எழுதியது:

ஐயா, தங்கள் பதிவைப் பெரியவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "கட்டடம் யாருக்கு என்பதைப் பிறகு பார்ப்போம், யாரை உள்ளே விட்டார்கள் என்பதைப் பார்க்க வாருங்கள்" என்று இம்முறை சின்சோனுக்கே அழைத்துப்போனார். வளாகத்தில் 1987-இல் குவாங்ஹியேவொன்னை ஓட்டு வீடாகத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அங்கே அவர் அதிக நேரம் நிற்கவில்லை. என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது, மருத்துவக் கல்லூரி அருங்காட்சியகத்தில் 1906-இல் அச்சான உடற்கூறியல் நூலின் முன்னால். ஏவிசனும் அவருடைய மாணவர் கிம் பில் சுன்னும் முதலில் ஆங்கில நூலொன்றை மொழிபெயர்த்தார்கள். ஒரு கைப்படி தொலைந்தது, மறுபடி எழுதியது தீயில் போனது. கடைசியில் ஜப்பானிய நூல் ஒன்றைக் கொண்டு கிம் முடித்ததே கண்ணாடிக்குள் இருப்பது. நரம்புக்கும் தசைக்கும் தம் மொழியில் பெயர் இல்லாமல் மருத்துவம் கற்க முடியாது என்று அவர்கள் பிடிவாதமாக இருந்திருக்கிறார்கள். தமிழில் பாடநூல் தேடி அலைந்த எனக்கு அங்கிருந்து நகர மனம் வரவில்லை.

பிறகு ஒரு புகைப்படத்தைக் காட்டினார்: அறுவை மேசையருகே ஏவிசன், அவருக்குக் கைகொடுத்து நிற்கும் இளைஞர் பாக் சோ யாங். இவர் கசாப்புத் தொழில் செய்த பெக்ஜோங் குடியில் பிறந்தவர். அந்தச் சாதியினர் ஆண்கள் அணியும் 'காத்' என்ற தொப்பியைக்கூட அணியக் கூடாது. 1893-இல் இவருடைய தந்தை பாக் சோங் சுன் காய்ச்சலில் கிடந்தபோது, அரசனுக்கு மருத்துவம் பார்த்த ஏவிசன் அவருடைய குடிசைக்கு வந்து கைநாடி பிடித்துப் பார்த்தார். பிழைத்தெழுந்த தந்தை தேவாலயத்துக்குச் சென்றதும், அவரோடு ஒரே கூரையின் கீழ் உட்கார மாட்டோம் என்று உயர்குடி யாங்பான்கள் விலகிப்போய்த் தனித் தேவாலயம் வைத்துக்கொண்டார்கள். அவர் விடவில்லை, அரசுக்கு மனுப் போட்டார். 1895-இல் தொப்பி அணியும் உரிமை கிடைத்தது. மகனைப் படிக்க வைக்க வேண்டும் என்று ஏவிசனிடம் கொண்டுவந்து விட்டார். அவரோ பையனுக்கு முதலில் தரை கூட்டும் வேலையையும் படுக்கை தட்டும் வேலையையும் கொடுத்துப் பொறுமையைச் சோதித்த பிறகே வகுப்பில் சேர்த்தார். பெரியவருக்கு இதில் உடன்பாடில்லை. "யாங்பான் பிள்ளையாக இருந்தால் துடைப்பத்தைக் கொடுத்திருப்பாரா?" என்று என்னையே கேட்டார்.

1908 ஜூன் 3 அன்று முதல் எழுவர் பட்டம் பெற்றார்கள். மருத்துவ உரிமங்கள் 1 முதல் 7 வரை அவர்களுடையவை. பட்டம் வழங்கியவர் கொரியாவில் ஜப்பானின் தலைமைப் பிரதிநிதியாக இருந்த இத்தோ ஹிரோபூமி. வாங்கிக்கொண்டவர்களில் கிம் பில் சுன் 1911-இன் முடிவில் கைதுக்குத் தப்பிச் சீனாவுக்குப் போனார். பாக் சோ யாங்கும் பிற்பாடு மஞ்சூரியாவுக்குப் போய் மருத்துவமனையும் பள்ளியும் நடத்தி, விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, 1940-இல் மறைந்தார். கொரிய அரசு அவருக்குப் பதக்கம் கொடுத்தது 2008-இல்.

என் நிழல் கண்ணாடியில் விழுந்து அந்த இளைஞரின் முகத்தை மறைத்தது. பெரியவர் என் தோளைப் பிடித்து மெல்ல ஒதுக்கிவிட்டு, கண்ணாடியைக் கைக்குட்டையால் துடைத்தார்.

அடுத்த வாரம் யாங்ஹ்வாஜின் கல்லறைக்குப் போவதாக இருக்கிறோம். ஆலனுக்குப் பின் ஜேஜுங்வொன்னை நடத்தி, 1890-இல் வயிற்றுக்கடுப்பில் இறந்த ஹெரான் அங்கே இருக்கிறார். ஏற்கெனவே போய் வந்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.