பிறவிக் குணமா, வளர்ப்பா? சனிக்கிழமை வகுப்பு விவாதத்துக்கு யோசனை வேண்டும்

டர்பன் வாத்தியார்:
வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். கர்ணனை வைத்து ஒரு விவாதம் ஆரம்பித்தேன், பெரிய பிள்ளைகள் நேரே சூப்பர்மேனுக்குப் போய்விட்டார்கள். கான்சாஸ் பண்ணையில் ஒரு நல்ல தம்பதி எடுத்து வளர்த்ததால்தான் அவன் நல்லவன் என்கிறது ஒரு கூட்டம். இன்னொரு கூட்டம் 2019ல் வந்த ‘பிரைட்பர்ன்’ படத்தைக் காட்டுகிறது: அதே கான்சாஸ், அதே மாதிரி பண்ணை, பாசமான அப்பா அம்மா, ஆனால் கொட்டகையில் ஒளித்து வைத்த விண்கலம் கூப்பிட்டதும் பையன் கொலைகாரன் ஆகிவிடுகிறான். ஒரு பெண் "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்றாள், உடனே பக்கத்தில் இருந்தவன் "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்று திருப்பிக் கொடுத்தான். கதைகளை வைத்து இதைத் தீர்க்க முடியுமா?

பழைய பேய்ப்பட ரசிகன்:
தீர்க்க முடியாது அண்ணே. ஆனால் கதை எந்தப் பக்கம் சாய்கிறது, அதனால் யார் தப்பிக்கிறார்கள் என்று பார்க்கலாம். மேரி ஷெல்லி 1818ல் வெளியிட்ட ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் ஒரு விஞ்ஞானி உயிர் கொடுத்துவிட்டுக் கைவிடும் அந்தப் படைப்பு பிறக்கும்போதே கெட்டது இல்லை. ஒரு குடிசைச் சுவரின் இடுக்கு வழியாக உள்ளே இருக்கும் குடும்பத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசக் கற்றுக்கொள்கிறது, ராத்திரியில் யாருக்கும் தெரியாமல் அவர்களுக்கு விறகு கொண்டுவந்து போடுகிறது, கடைசியில் தைரியம் வந்து உள்ளே போனால் அடி விழுகிறது. 1931 படத்தில் என்ன செய்தார்கள்? உதவியாள் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைத்துவிட்டு, குற்றவாளியின் மூளை இருந்த ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறான். உண்டாக்கிவிட்டுக் கைவிட்டவன் மேல் இருந்த பழி அந்த ஒரு ஜாடியோடு பாதி போய்விட்டது. என்னால் இதை ஏற்கவே முடியவில்லை.

பீனிக்ஸ் நர்ஸ்:
தம்பி, வளர்ப்புதான் எல்லாம் என்றால் பழி அம்மா தலையில்தான் விழும், வார்டில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிறவிக் குணம் என்றாலும் அவளை விடுவதில்லை. 1954ல் வந்த ‘தி பேட் சீட்’ நாவலில் பாட்டியின் கொலைவெறி பேத்திக்கு வருகிறது, ‘என் வழியாகத்தானே வந்தது’ என்று நொறுங்குகிறவள் நடுவில் இருக்கும் அம்மா. அப்புறம், இரண்டையும் பிரிக்க முடியும் என்பதே சரியில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்று ஒரு நோய், மரபணுவால் வருவது. கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கெடும். பிறந்தவுடன் ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்து, அதற்கென்று இருக்கும் உணவுமுறையை விடாமல் கடைப்பிடித்தால் பிள்ளை நன்றாகப் படித்து வளரும். இது பிறப்பா, வளர்ப்பா?

லெனேசியாக்காரன்:
‘டிஸ்ட்ரிக்ட் 9’ படத்தை யாருமே சொல்லவில்லையே, 2009ல் வந்த நம் ஜோகன்னஸ்பர்க் கதை. வேற்றுக்கிரகவாசிகளைக் காலி செய்ய வைக்கப் போன விக்கஸ் மேல் அவர்களுடைய திரவம் பட்டு, அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர்களைப் போலவே மாறுகிறது. முதலில் ஒரு கை. வளர்ப்பு அதேதான், மனைவி மேல் பாசமும் அதேதான், ஆனால் அந்தக் கையைப் பார்த்ததும் அவன் வேலை பார்த்த நிறுவனமே அவனை அறுத்துப் பார்க்கத் துடிக்கிறது. 1950ல் இங்கே சட்டம் போட்டு ஆளாளுக்கு இனம் எழுதினார்கள், எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்பதற்கும் அதே வருஷம் சட்டம் வந்தது, சாட்ஸ்வொர்த்தே அப்படி உண்டான ஊர்தானே. தாத்தா, ஆயாவிடம் என்ன குணத்தோடு பிறந்தீர்கள், எப்படி வளர்ந்தீர்கள் என்று எந்த அதிகாரி கேட்டார்? ஊர் நம்மை என்னவாகப் பார்க்கிறது என்பதும் ஆளை உருவாக்கும். அதையும் விவாதத்தில் சேருங்கள்.

டர்பன் வாத்தியார்:
கேள்வியை மாற்றிவிட்டேன். சூப்பர்மேன் குழந்தையாக வந்த அந்த ராக்கெட் 1950ல் நேட்டால் கரும்புத் தோட்டத்தில் விழுந்து, ஒரு தமிழ்க் குடும்பம் அந்த வெள்ளைக் குழந்தையை எடுத்திருந்தால்? வளர்க்க விட்டிருப்பார்களா, பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்களா என்பதிலிருந்து பிள்ளைகள் தொடங்கட்டும். நர்ஸ் அக்கா, ஒரு சனிக்கிழமை வந்து அந்த நோயைப் பற்றிப் பேச முடியுமா?

பீனிக்ஸ் நர்ஸ்:
கட்டாயம் வருகிறேன். ‘டிஸ்ட்ரிக்ட் 9’ஐ மட்டும் வகுப்பில் போட்டுவிடாதீர்கள், ரத்தமும் கெட்ட வார்த்தையும் அதிகம், கதையைச் சொன்னால் போதும்.