ஹெலேனே ஷெர்ஃப்பெக்: 1888-க்கும் 1915-க்கும் நடுவில் என்ன நடந்தது?

தூரிகை:
பின்லாந்து ஓவியர் ஷெர்ஃப்பெக்கின் ‘உடல் தேறும் குழந்தை’யையும் (1888) கறுப்புப் பின்னணி சுயஉருவத்தையும் (1915) அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரே ஆள் வரைந்ததாகத் தெரியவில்லை. என்ன ஆயிற்று? பின்னாள் படங்களில் வண்ணம் தேய்ந்தாற்போல் இருக்கிறதே, அது பழுதா? எண்ணெய் வண்ணத்தில் அதைச் செய்வது எப்படி?

கரித்துண்டு:
பழுதல்ல, அவரே சுரண்டியது. நான்கு வயதில் படிக்கட்டில் விழுந்து இடுப்பு அடிபட்டு, கடைசிவரை நொண்டித்தான் நடந்தார். 11 வயதிலேயே ஹெல்சின்கி ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1880-இல் உதவித்தொகையில் பாரிஸ். நீங்கள் சொல்லும் குழந்தைப் படம் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸில் வரைந்தது, 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியில் வெண்கலப் பதக்கம் வாங்கியது. 1902-இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தாயோடு ஹூவின்கா என்ற சிற்றூருக்குப் போனார். கலை இதழ்களைப் பார்த்தபடி, தேவையற்றதை ஒவ்வொன்றாக நீக்கியது அங்கேதான். 1913-இல் ஓவிய வணிகர் யோஸ்டா ஸ்டென்மன் தேடி வந்தார், 1917-இல் முதல் தனிக்கண்காட்சி.

கித்தான்:
செய்முறைக்கு வருகிறேன். இழை தெரியும் கேன்வாஸ் வேண்டும், வழவழப்பான பலகை உதவாது. முதலில் கரிக்கோட்டை ஃபிக்சேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் தெளிப்பு) அடித்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் தோல் நிறம் அழுக்காகிவிடும். டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பூச்சு போதும். விரலில் லேசாக ஒட்டும் பதத்தில் பாலட் கத்தியைப் படுக்கவைத்து ஒரே திசையில் இழுங்கள். இழைகளின் மேட்டில் வண்ணம் போய்விடும், பள்ளத்தில் தங்கும். அந்தத் தேய்ந்த தோற்றம் இதில்தான் வருகிறது. ஈரமாக இருக்கும்போது இழுத்தால் வெறும் கறைதான் மிஞ்சும். தடித்த பூச்சு என்றால் மேலே ஆடை கட்டியிருக்கும், அது கிழிந்து சுருளும். நன்றாகக் காய்ந்துவிட்டால் உப்புத்தாள்தான் வழி: நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் கட்டாயம். ஈயம், காட்மியம் கலந்த வண்ணத்தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அடுத்த பூச்சில் எண்ணெயைக் கொஞ்சம் கூட்டுங்கள், குறைத்தால் பின்னால் வெடிக்கும். கண், வாய் இரண்டையும் கடைசிவரை சுரண்டாமல் விடுங்கள்.

சாம்பல்நிறம்:
எல்லாவற்றையும் ஹூவின்காவின் தலையில் கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 1884-இல் பிரான்சின் பொன்தவெனில் வரைந்த ‘கதவு’ படத்தைப் பாருங்கள். தேவாலயத்தின் மூடிய கதவு, அடியில் கீற்றாக வெளிச்சம், ஓர் ஆள்கூட இல்லை. அப்போது அவருக்கு வயது 22! நீக்கும் மனம் அன்றே இருந்தது, தனிமை அதற்கு நேரம் கொடுத்தது, அவ்வளவே. பயிற்சிக்கு 1915 சுயஉருவத்தைவிட, 1944-45-இல் ஸ்வீடனின் சால்ட்ஹோபாடனில் வரைந்த கடைசி சுயஉருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கும் காதும் பாதி கரைந்தபிறகும் முகம் நிற்கிறது. எந்தக் கோட்டை எடுத்தால் முகம் விழும் என்பதை அவற்றில் கற்கலாம்.