புதுப்பிப்பு: எங்கள் திடல் விவகாரமும் ரிம்பா கியாரா தீர்ப்பும்

எங்கள் பிளாட் பக்கத்துத் திடலில் உயர்மாடி வரப்போகிறது என்று பலகை நட்டிருக்கிறார்கள், குடியிருப்பவர்கள் வழக்குப் போட முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நீங்கள் சொன்ன தாமான் ரிம்பா கியாரா வழக்கைத் தேடிப் படித்தேன்.

முடியும். ரிம்பா கியாரா கோலாலம்பூரில் இருக்கும் ஒரு பூங்கா. அந்த நிலத்தில் சொகுசு அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் 2017இல் கொடுத்த அனுமதியை எதிர்த்து, பக்கத்துக் குடியிருப்பான தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் மக்கள் போன வழக்கு அது. உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டில் ஜெயித்து, 2023 ஏப்ரலில் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமும் அனுமதி செல்லாது என்று சொல்லிவிட்டது. கட்டமைப்புத் திட்டத்தை (நகரம் எப்படி வளர வேண்டும் என்று வகுத்த திட்டம்) மீறி அனுமதி கொடுத்தால் காரணம் சொல்லியாக வேண்டும், அக்கம்பக்கத்தார் அதை எதிர்த்து வழக்காடலாம். நமக்கு வேண்டியது இதுதான்.

ஆனால் மனசுக்குக் கஷ்டமான பக்கம் ஒன்று உண்டு. அங்கே நீண்ட வீடுகளில் (வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள்) இருப்பவர்கள் பழைய புக்கிட் கியாரா தோட்டத்தில் வேலை செய்த நம் தமிழர் குடும்பங்கள், பல வருஷமாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள். அதே திட்டத்தில் அவர்களுக்கும் ஒரு 29 மாடிக் கட்டடம் இருந்தது. பூங்காவையும் காப்பாற்றி அவர்களுக்கும் வீடு கொடுத்திருக்க வேண்டும், இரண்டு தரப்பையும் மோத விட்டது பெரிய அநியாயம்.

அப்புறம் முக்கியமான விஷயம், நீதிமுறை மறுஆய்வுக்கு, அதாவது மன்றத்தின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்பதற்கு, மூன்று மாதம்தான் கெடு. அதனால் பலகையைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைத்துவிட்டோம், ஆட்சேபக் கடிதத்தில் மாடி மாடியாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம், அடுத்த வாரம் வக்கீலைப் பார்க்கிறோம்.